பத்து வருஷ சர்வீஸும் பிஎஃப் பென்ஷனும்: ஓசூர், கிருஷ்ணகிரி தொழிலாளருக்கு இந்தச் சேவை எவ்வளவு உதவும்?

ஓசூர் சிப்காட்டிலோ பர்கூர் பக்கம் ஷூ கம்பெனியிலோ வேலை பார்ப்பவரிடம் பிஎஃப் பற்றிக் கேட்டால் கையிருப்பு எவ்வளவு என்று உடனே சொல்வார். பென்ஷனுக்கு எத்தனை வருஷம் சேர்ந்திருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. பிஎஃப் பிடித்தம் உள்ள பெரும்பாலானவருக்கு 1995 நவம்பர் 16 முதல் நடைமுறையில் உள்ள தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம், அதாவது இபிஎஸ், கூடவே ஓடிக்கொண்டிருக்கிறது. அதையும் அதை நடத்தும் இபிஎஃப்ஓ, அதாவது தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி நிறுவனத்தின் இணையச் சேவையையும் சேர்த்துப் பார்த்தால் எங்கள் கருத்து இது: திட்டம் வைத்துக்கொள்ள வேண்டிய திட்டம்தான், தொகை போதாது, சர்வீஸ் கணக்கைத் துண்டு விழாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு முழுக்கத் தொழிலாளியின் தலையில் இருக்கிறது.

முதலில் பணம் எங்கே போகிறது என்று பார்ப்போம். உங்கள் சம்பளத்தில் பிடிக்கும் 12 சதவீதத்தில் ஒரு ரூபாய்கூட பென்ஷனுக்குப் போவதில்லை. கம்பெனி போடும் 12 சதவீதத்தில்தான் 8.33 சதவீதம் பென்ஷன் கணக்குக்கும், மீதி 3.67 சதவீதம் உங்கள் பிஎஃப் கணக்குக்கும் பிரிகிறது. மத்திய அரசு தன் பங்காக 1.16 சதவீதம் போடுகிறது. 2014 செப்டம்பர் 1 முதல் பென்ஷனுக்கான சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய். ஆகவே பேசிக் 25,000 ஆனாலும் பென்ஷனுக்குப் போவது மாதம் 1,250 ரூபாய்தான். பாஸ்புக்கில் பென்ஷனுக்கென்று தனிப் பத்தி இருக்கும். அதற்கு வட்டி ஏறவில்லையே என்று பலர் கேட்கிறார்கள். ஏறாது. அது உங்கள் பெயரில் சேரும் சேமிப்பு அல்ல, பொது நிதிக்குப் போகும் சந்தா. உங்களுக்குக் கிடைக்கப் போவதைத் தீர்மானிப்பது அந்தத் தொகை அல்ல, சர்வீஸ் வருஷங்கள்.

கணக்கு எளிது. கடைசி 60 மாதச் சம்பளத்தின் சராசரியை சர்வீஸ் வருஷத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 2014 செப்டம்பருக்குப் பிறகு சேர்ந்து, சராசரி 15,000 ரூபாயில் சரியாகப் பத்து வருஷம் முடித்தவருக்கு 58 வயதில் மாதம் 2,143 ரூபாய் வரும். சராசரி 12,000 என்றால் 1,714. இருபது வருஷம் முடித்து 58 வயதில் ஓய்வு பெறுபவருக்கு இரண்டு வருஷம் போனஸாகச் சேரும், எனவே 22 வருஷக் கணக்கில் 4,714 ரூபாய். பத்தொன்பது வருஷத்தோடு நிற்பவருக்கும் இருபதைத் தொட்டவருக்கும் இருக்கும் இந்த வித்தியாசம் பலருக்குத் தெரிவதில்லை. 2014 ஆகஸ்ட் வரையிலான சர்வீஸ் பழைய 6,500 ரூபாய் உச்சவரம்பில்தான் கணக்காகும். அதனால் பழைய தொழிலாளர்கள் இந்தச் சூத்திரத்தை அப்படியே போட்டுப் பார்த்துவிட்டு, வந்த தொகை குறைகிறது என்று திகைக்க வேண்டாம். குறைந்தபட்ச பென்ஷன் 1,000 ரூபாய் என்று 2014-இல் வைத்தார்கள். அந்தத் தொகையில் இன்று ஒரு மாத மளிகைகூட வாங்க முடியாது, இந்தத் திட்டத்தின் ஆகப் பெரிய குறை அதுதான்.

இனி அந்தப் பத்து வருஷம். ஆறு மாதமும் அதற்கு மேலும் இருந்தால் ஒரு முழு வருஷமாக எடுத்துக்கொள்வார்கள், குறைந்தால் விட்டுவிடுவார்கள். அதன்படி ஒன்பது வருஷம் ஆறு மாதம் முடிந்தாலே பென்ஷன் தகுதி வந்துவிடும். ஒரே கம்பெனியில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, தொடர்ச்சியாகவும் இருக்க வேண்டியதில்லை. தர்மபுரியிலிருந்து பெங்களூருக்கும் திருப்பூருக்கும் மாறி மாறி வேலைக்குப் போகிறவருக்கும் எல்லா இடத்து சர்வீஸும் ஒன்றாகக் கூடும், கணக்குகள் இணைந்திருந்தால்.

இதில் நம் பகுதிக்கென்றே இரண்டு விஷயங்கள் உண்டு. முதலாவது மாங்கூழ் தொழிற்சாலை. கிருஷ்ணகிரி சுற்றுவட்டாரத்தில் மாம்பழ சீசனில் சில மாதம் மட்டும் வேலை தரும் ஆலைகள் பல. சீசன் தொழிலாளியாகப் பதிவாகி பிஎஃப் பிடித்திருந்தால், அந்த வருஷத்தில் சில மாதமே வேலை செய்திருந்தாலும் தகுதிக் கணக்கில் அது முழு வருஷம் என்கிறது திட்டத்தின் ஒன்பதாவது பத்தி. பத்து சீசன் வேலை செய்த ஒரு பெண்மணி, “மொத்தமே முப்பது மாசம்தானே” என்று பென்ஷன் பக்கமே போகாமல் இருந்துவிடக் கூடாது. ஆனால் அதற்கு ஒவ்வொரு சீசனிலும் பிஎஃப் கட்டப்பட்டிருக்க வேண்டும், ஒரே யூஏஎன் எண்ணில் (எந்தக் கம்பெனி மாறினாலும் மாறாத பிஎஃப் அடையாள எண்) கட்டப்பட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு வருஷமும் புது ஆளாகப் பதிந்து புது எண் வாங்கியிருந்தால் எல்லாவற்றையும் ஒன்றாக்கும் வேலை பாக்கி இருக்கிறது.

இரண்டாவது, பயிற்சிக் காலம். ஐடிஐ முடித்து ஓசூரில் அப்ரன்டிஸாகச் சேரும் பையன்கள் அந்த ஒன்றிரண்டு வருஷத்தையும் சர்வீஸில் சேர்த்தே எண்ணிக்கொள்கிறார்கள். அப்ரன்டிஸ் சட்டப்படி எடுக்கப்பட்டவருக்கு பிஎஃப் கிடையாது, பென்ஷன் சர்வீஸும் கிடையாது. கையில் ஸ்டைபண்ட் வந்த காலத்தைக் கழித்துவிட்டு எண்ணுங்கள். கான்ட்ராக்ட் தொழிலாளருக்கு அப்படி இல்லை. கான்ட்ராக்டர் மூலம் வேலை செய்தாலும் பிஎஃப் உரிமை உண்டு, கான்ட்ராக்டர் கட்டாவிட்டால் முதன்மை நிறுவனம்தான் கட்ட வேண்டும். கான்ட்ராக்டர் மாறும்போது அந்தந்த இடத்துக்கான கணக்கு எண்ணான மெம்பர் ஐடி மாறலாம், யூஏஎன் மாறக் கூடாது. புது கான்ட்ராக்டரிடம் சேரும் முதல் நாளே பழைய யூஏஎன் எண்ணைக் கொடுத்து, சேரும்போது நிரப்பும் ஃபார்ம் 11-இல் “ஏற்கெனவே இபிஎஸ் உறுப்பினரா?” என்ற இடத்தில் ஆம் என்று எழுதிக் கொடுங்கள்.

சம்பளமில்லா விடுப்பையும் கவனியுங்கள். ஊர்த் திருவிழா, அறுவடை, உடம்பு சரியில்லை என்று எடுத்த சம்பளமில்லாத நாட்களை கம்பெனி மாதாமாதம் என்சிபி, அதாவது சந்தா இல்லாத நாட்களாகப் பதிவு செய்கிறது. அவை கூடிக்கூடி சர்வீஸிலிருந்து கழியும். பத்து வருஷத்தில் மாதம் ஆறு நாள் வீதம் போனால் மொத்தம் 720 நாள், ஏறக்குறைய இரண்டு வருஷம். நாள் கணக்கில் பத்து வருஷம் ஓடியிருந்தும் எட்டு வருஷம்தான் தேறும்.

இவ்வளவும் சமாளிக்கக் கூடியவை. உண்மையில் பென்ஷனை அழிப்பது ஃபார்ம் 10சி.

ஒரு கம்பெனியை விட்டு நின்றதும் பிஎஃப் பணம் எடுக்கப் பிரவுசிங் சென்டருக்குப் போகிறார்கள். அங்கே ஃபார்ம் 19, ஃபார்ம் 10சி இரண்டையும் சேர்த்தே போட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. 19 என்பது பிஎஃப் சேமிப்பை மொத்தமாக எடுப்பது. 10சி என்பது பென்ஷன் சர்வீஸை விற்றுவிடுவது. பத்து வருஷத்துக்குக் குறைவான சர்வீஸ் உள்ளவர் 10சியில் பணத்தை எடுத்துவிட்டால் அதுவரை செய்த சர்வீஸ் பூஜ்யம் ஆகிவிடும். அடுத்த கம்பெனியில் திரும்ப ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை இப்படி எடுத்துக்கொண்டே வருபவர் இருபத்தைந்து வருஷம் உழைத்தாலும் 58 வயதில் பென்ஷன் வாங்க மாட்டார்.

எவ்வளவு கிடைக்கிறது, எவ்வளவு போகிறது என்று எடை போடுங்கள். 15,000 ரூபாய்ச் சம்பளத்தில் ஒன்பது வருஷம் முடித்தவருக்கு 10சியில் வருவது ஒன்பது மாதச் சம்பளத்தைச் சற்றுத் தாண்டும், சுமார் 1,40,000 ரூபாய் என்று வையுங்கள். அவரே இன்னும் ஆறு மாதம் சேர்த்திருந்தால் 58 வயதிலிருந்து ஆயுள் முழுக்க மாதம் 2,000 ரூபாய்க்கு மேல் வரும். ஐந்தரை வருஷத்திலேயே அந்த 1,40,000 திரும்பிவிடும். அதன் பிறகு வருவதெல்லாம் கூடுதல். அவர் காலத்துக்குப் பிறகு மனைவிக்குப் பாதித் தொகை தொடரும். கல்யாணச் செலவோ ஆஸ்பத்திரிச் செலவோ வந்தால் ஃபார்ம் 31 போட்டு பிஎஃப் சேமிப்பிலிருந்து முன்பணம் எடுங்கள், அது பென்ஷனைத் தொடாது. வேலையை விட்டே நின்றுவிட்டால்கூட 19 மட்டும் போடுங்கள், 10சியைத் தொடாதீர்கள். பிரவுசிங் சென்டர்காரரிடம் இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் பணம் வரவைத்துத் தருவதைத்தான் தன் வேலையாக நினைக்கிறார், உங்கள் சர்வீஸ் அவர் கணக்கில் இல்லை.

10சி போடுவதால் வரும் இன்னொரு சேதம் பின்னால்தான் தெரியும். 2014 செப்டம்பர் 1-க்குப் பிறகு, 15,000 ரூபாய்க்கு மேல் சம்பளத்தில் புதிதாக பிஎஃப்பில் சேர்பவருக்கு பென்ஷன் திட்டத்தில் இடமே இல்லை. 11,000 பேசிக்கில் சேர்ந்து இபிஎஸ் உறுப்பினர் ஆனவர், பின்னால் 22,000 பேசிக்குக்கு வேறு கம்பெனி போனாலும் உறுப்பினராகத் தொடரலாம். ஆனால் நடுவில் பிஎஃப்பையும் 10சியையும் மொத்தமாக முடித்துக்கொண்டு போனால் அவர் புது ஆள்தான், கதவு சாத்தியாகிவிட்டது. 2025 அக்டோபரில் கூடிய, இபிஎஃப்ஓவை நிர்வகிக்கும் மத்திய அறங்காவலர் குழு, வேலையை விட்ட பின் பென்ஷன் பணத்தை எடுக்கக் காத்திருக்க வேண்டிய காலத்தை இரண்டு மாதத்திலிருந்து 36 மாதமாக்க முடிவு செய்தது. கைக்காசு இல்லாதவருக்கு இது சிரமம், அதை மறுக்க முடியாது. ஆனாலும் அவசரத்தில் சர்வீஸை அழித்துக்கொள்பவர்கள் குறைய வேண்டும் என்று பார்த்தால் இந்த முடிவை வரவேற்கிறோம்.

பிஎஃப் உள்ள வேறு வேலைக்குப் போகும் எண்ணம் உடனே இல்லை, விவசாயம் பார்க்கப் போகிறேன், கடை வைக்கப் போகிறேன் என்பவருக்கு 10சியிலேயே இன்னொரு வழி இருக்கிறது: பணம் வேண்டாம், ஸ்கீம் சர்டிபிகேட் வேண்டும் என்று கேட்பது. இத்தனை வருஷம் சர்வீஸ், குடும்பத்தினர் இன்னார் என்று எழுதிய சான்று அது. பத்து வருஷம் கழித்து மறுபடி கம்பெனி வேலைக்கு வந்தாலும் அதைக் கொடுத்துப் பழைய சர்வீஸைச் சேர்த்துக்கொள்ளலாம். மத்திய அரசின் உமங் செயலி வழியாகவும் இதற்கு விண்ணப்பிக்கலாம். பத்து வருஷம் முடித்தவருக்குப் பணமாக எடுக்கும் வாய்ப்பே கிடையாது, சர்டிபிகேட்தான். இந்தச் சேவை மிகப் பயனுள்ளது, மிகக் குறைவானவர்களுக்கே தெரிந்தது.

இணையதளத்துக்கு வருவோம். உறுப்பினர் போர்ட்டலில் நுழைந்து சர்வீஸ் ஹிஸ்டரி பக்கத்தைத் திறந்தால் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு வரி வரும். அந்த வரியில் பிஎஃப்பில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பென்ஷனில் சேர்ந்த தேதி, விலகிய தேதி எல்லாம் தனித்தனியாக இருக்கும். பென்ஷன் சேர்ந்த தேதி இருக்க வேண்டிய இடத்தில் எதுவும் இல்லையென்றால் அந்தக் கம்பெனி உங்களை இபிஎஸ் உறுப்பினராகக் காட்டவே இல்லை என்று பொருள். அப்போது பாஸ்புக்கில் கம்பெனிப் பங்கு முழுவதும் பிஎஃப் பத்தியிலேயே போயிருக்கும், பென்ஷன் பத்தி பூஜ்யமாக இருக்கும். தகுதி இருந்தும் இப்படி ஆகியிருந்தால் ஹெச்ஆரிடம் உடனே எழுதிக் கேளுங்கள். வருஷங்கள் கழித்துத் திருத்துவதென்றால் கம்பெனி பழைய கணக்குகளை எல்லாம் கிளற வேண்டும்.

விலகிய தேதி காலியாக இருப்பதுதான் அதிகம் காணும் கோளாறு. தேதி இல்லாமல் பழைய கணக்கைப் புதுக் கம்பெனிக் கணக்கோடு சேர்க்கும் டிரான்ஸ்ஃபர் நகராது. கம்பெனி போடவில்லை என்றால் கடைசிச் சந்தா வந்து இரண்டு மாதம் ஆனபின் நீங்களே போர்ட்டலில் மார்க் எக்ஸிட் பகுதியில் ஆதார் ஓடிபி கொடுத்துப் போட்டுக்கொள்ளலாம். தேதியைக் கவனமாகப் போடுங்கள். கடைசியாகச் சந்தா வந்த மாதத்துக்குள் இருக்க வேண்டும், புதுக் கம்பெனியில் சேர்ந்த தேதிக்கு முன்னதாக இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் கோரிக்கை சிக்கிக்கொள்ளும்.

டிரான்ஸ்ஃபர் முடிந்ததும் புது பாஸ்புக்கில் பழைய பிஎஃப் தொகை வந்து சேரும், பென்ஷன் தொகை மட்டும் பூஜ்யம் என்று காட்டும். இதைப் பார்த்துப் பதறுபவர்கள் ஏராளம். தவறு ஒன்றும் நடக்கவில்லை. பென்ஷனில் பணம் மாறுவதில்லை, சர்வீஸ்தான் மாறுகிறது. அது சரியாக மாறியதா என்று அனெக்சர் கே என்னும் தாளில் பார்க்கலாம். போர்ட்டலில் இப்போது அதை நாமே இறக்கிக்கொள்ள முடிகிறது, நல்ல மாற்றம்.

தமிழ்நாட்டுக்காரர்களைப் படுத்துவது இனிஷியல். ஆதாரில் “முருகன் கோ” என்றும் பிஎஃப்பில் “கோ. முருகன்” என்றும், இன்னொரு கம்பெனியில் அப்பா பெயர் விரிந்து “கோவிந்தன் முருகன்” என்றும் இருக்கும். இயந்திரத்துக்கு இவர்கள் மூன்று பேர். கல்யாணமான பெண்களுக்கு இது இன்னும் சிக்கல்: ஆதாரில் கணவர் பெயருக்கு மாற்றிவிடுவார்கள், பிஎஃப்பில் அப்பா பெயரே நிற்கும். 2025 ஜனவரி முதல், ஆதாரோடு இணைந்த, 2017 அக்டோபர் 1-க்குப் பிறகு வந்த யூஏஎன் என்றால் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர், துணைவர் பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி ஆகியவற்றை கம்பெனி ஒப்புதல் இல்லாமலே திருத்தலாம். அதற்கு முந்தைய எண் என்றால் கம்பெனி கையெழுத்து வேண்டும், மூடிப்போன கம்பெனி என்றால் அலைச்சல்தான். எந்தத் திருத்தத்துக்கும் முன்னால் ஆதாரைச் சரிசெய்து முடியுங்கள், மற்றதெல்லாம் அதைப் பார்த்துத்தான் மாறும்.

இந்தத் திட்டத்தில் நாங்கள் மனதாரப் பாராட்டுவது குடும்பப் பாதுகாப்பை. 58 வயது பென்ஷனுக்குத்தான் பத்து வருஷம். வேலையில் இருக்கும்போது உறுப்பினர் இறந்துவிட்டால் ஒரே ஒரு மாதச் சந்தா இருந்தாலும் துணைவருக்கு பென்ஷன் உண்டு, அதற்கும் குறைந்தபட்சம் 1,000 ரூபாய். இரண்டு பிள்ளைகளுக்கு 25 வயது வரை தலா 25 சதவீதம் தனி. வேலையில் இருக்கும்போது நிரந்தரமாக முழு ஊனம் ஏற்பட்டாலும் இதே ஒரு மாத விதிதான். ஆனால் வாரிசைப் பதியும் இ-நாமினேஷனைப் போடாமல் பலர் இருக்கிறார்கள். ஓசூர் பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் பத்தொன்பது, இருபது வயதில் சேரும் பெண்கள் அம்மா பெயரைப் போடுகிறார்கள், அந்த வயதில் அது சரி. கல்யாணம் ஆனதும் அது செல்லாது, புதிதாகப் போட வேண்டும். பென்ஷனைப் பொறுத்தவரை குடும்பம் என்றால் துணைவரும் பிள்ளைகளும்தான்.

வாங்கும் கட்டம் முன்பைவிட நன்றாக மாறியிருக்கிறது. பென்ஷனுக்கு விண்ணப்பிக்கும் ஃபார்ம் 10டி ஆன்லைனிலேயே போடலாம், தம்பதியாக எடுத்த படம், வங்கிக் கணக்கு, பிள்ளைகள் விவரம் தயாராக இருந்தால் போதும். 50 வயதிலிருந்தே வாங்கலாம், ஆனால் 58-க்குக் குறையும் ஒவ்வொரு வருஷத்துக்கும் 4 சதவீதம் குறையும், அது பின்னால் ஏறாது. வேறு வருமானம் இருப்பவர் 60 வரை தள்ளிப்போட்டால் வருஷத்துக்கு 4 சதவீதம் கூடும். 2025 ஜனவரி முதல் மையப்படுத்திய முறையில் நாட்டில் எந்த வங்கிக் கிளையிலும் பென்ஷன் வாங்கலாம். பெங்களூரில் ஓய்வு பெற்று பென்னாகரம் திரும்பியவர் கணக்கு மாற்ற ஃபைல் மாற்றிக்கொண்டிருந்த காலம் முடிந்தது. உயிர்வாழ் சான்றுக்கு நவம்பர் மாத நெரிசலில் நிற்க வேண்டாம். வருஷத்தில் எந்த நாளும் ஜீவன் பிரமாண் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஒரு வருஷம் செல்லும். விரல் ரேகை தேய்ந்துபோன கல் பாலிஷ் தொழிலாளருக்கு முகப் பதிவு வசதி பெரிய நிம்மதி.

குறை சொல்ல வேண்டியதும் இருக்கிறது. போர்ட்டலில் தமிழ் இல்லை. கோரிக்கை தள்ளுபடியானால் காரணம் ஒரு வரி ஆங்கிலத்தில் வரும், என்ன செய்ய வேண்டும் என்று அதில் இருக்காது. மாலை நேரத்தில் ஓடிபி தாமதமாவதால் காலையில் உட்காருவது மேல். கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டமும் சேலம் மண்டல அலுவலகத்தின் கீழ் வருகின்றன. ஓசூரிலிருந்து போய் வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். போவதற்கு முன் இபிஎஃப்ஓவின் புகார்த் தளமான இபிஎஃப்ஐஜிஎம்எஸ் தளத்தில் புகார் பதிந்து எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மாதந்தோறும் 27-ஆம் தேதி வாக்கில் ஒவ்வொரு மாவட்டத்திலும் நடக்கும் நிதி ஆப்கே நிகட் என்னும் இபிஎஃப்ஓ குறைதீர் முகாமில் அந்த எண்ணோடு போனால் பேச்சு விஷயத்துக்கு வரும். இடம் மாதத்துக்கு மாதம் மாறலாம், அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சந்தா ஏறியதா என்று மட்டும் தெரிய வேண்டுமென்றால் பதிவு செய்த செல்போனிலிருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் போதும்.

வயது கூடியபின் பிஎஃப் வேலைக்கு வருபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பென்ஷன் சந்தா 58 வயதோடு நின்றுவிடும். விடுபட்ட வருஷத்துக்குக் கையிலிருந்து பணம் கட்டி நிரப்பும் வசதி இதில் இல்லை. பழைய சர்வீஸ் எதுவும் இல்லாமல் 49 வயதில் முதன்முதலாகச் சேர்பவருக்குப் பத்து வருஷம் தேறாது, 58-இல் மொத்தத் தொகைதான் வரும். அவர் முதலில் செய்ய வேண்டியது இளவயதில் பார்த்த வேலைகளில் எங்காவது பிஎஃப் பிடித்தார்களா, எடுக்காமல் கிடக்கிறதா என்று தேடுவது. பழைய சம்பளச் சீட்டில் இருக்கும் பிஎஃப் எண் ஒன்றே போதும், இரண்டு வருஷப் பழைய சர்வீஸ் அவரைக் கரை சேர்த்துவிடும். நாற்பது வயது தாண்டாதவர், வருமான வரி கட்டாதவர் என்றால் இபிஎஸ்ஸோடு அடல் பென்ஷன் திட்டத்தையும் வங்கியில் எழுதிவையுங்கள். 30 வயதில் சேர்ந்தால் மாதம் 577 ரூபாய் கட்டி 60 வயதிலிருந்து மாதம் 5,000 வாங்கலாம். பிஎஃப் இருப்பது அதற்குத் தடை அல்ல. மாதம் 3,000 தரும் ஷ்ரம் யோகி மான்தன் திட்டத்துக்கு மட்டும் பிஎஃப் உறுப்பினர்கள் விண்ணப்பிக்க முடியாது.